இருபத்தேழு வோல்ட் பச்சை

வீடியோ டெக் என்று ஒரு பொருள் இருந்தது. எண்பதுகளின் நடுவில் மதுரைப் பக்கம் கல்யாணமோ காதுகுத்தோ எதுவானாலும் ராத்திரிக்கு டெக் எடுப்பார்கள். கலர் டிவி ஒன்று, டெக் ஒன்று, கேசட் மூன்று. வாடகைக்கு விடுகிற கடைக்காரர் கூடவே ஒரு பையனையும் அனுப்புவார். பத்து மணிக்குத் தொடங்கினால் விடிய விடிய ஓடும். மூன்றாவது படம் முடியும்போது விழித்திருப்பவன் அந்தப் பையன் மட்டும்தான். சில காலம் நானும் அப்படிப்பட்ட பையனாக இருந்தேன்.

கூட்டமெல்லாம் திரையைப் பார்க்கும்போது நான் டெக்கின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கறுப்புப் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் எண்கள் எரியும். பச்சை என்று சொன்னால் நீலம் கோபித்துக்கொள்ளும். நீலம் என்றால் பச்சை. மயிலின் கழுத்தில் ஏதோ ஓரிடத்தில் அந்த நிறம் உண்டு. கேசட்டை உள்ளே தள்ளியதும் குட்டியாக ஒரு கேசட் படம் எரியும். டேப் ஓட ஓட கவுண்டர் ஏறும். இன்ன பாட்டு இன்ன எண்ணில் வரும் என்று மனப்பாடமாகச் சொல்லும் பையன்கள் எங்கள் கடையில் உண்டு. பெரியவர் யாராவது, "தம்பி, அந்தப் பாட்டை இன்னொரு தடவை போடு" என்றால் கவுண்டரைப் பார்த்தே ரிவைண்ட் செய்து சரியாக முன்னிசையில் நிறுத்துவார்கள். மணி காட்டும் வசதியும் அதில் இருந்தது. அதை யாரும் சரிசெய்து நான் பார்த்ததில்லை. போய்ப் போய் வருகிற கரண்டில் யார் உட்கார்ந்து மணி வைப்பது? கண்ணைச் சிமிட்டிக்கொண்டே கிடக்கும்.

டெக் ரிப்பேருக்கு வந்தால் போகிற இடம், மேலமாசி வீதிக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த ஒரு பழைய ரேடியோ கடை. அதன் சொந்தக்காரரை எல்லோரும் ரேடியோ அண்ணன் என்பார்கள். அவர் டிவி ரிப்பேர் செய்து இருபது வருஷம் ஆன பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. வால்வு ரேடியோ காலத்திலிருந்து ஈயம் உருக்கியவர். டெக் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வரும் வேலை எனக்கு. கொடுத்துவிட்டு வராமல் அங்கேயே உட்கார்ந்துகொள்வேன். பிறகு டெக் கடையை விட்டுவிட்டு அவரிடமே சேர்ந்தேன்.

அந்தக் கடையின் வாசனையை எழுத்தில் கொண்டுவர முடியாது. உருகும் ஈயம், பேஸ்ட், ஹெட் துடைக்கிற ஸ்பிரிட், சூடேறிய டிரான்ஸ்ஃபார்மர் வார்னிஷ், கூடவே எதிர்க்கடை பால்பன். வீடியோ ஹெட்டில் பூஞ்சை பிடித்துப் படம் புள்ளிபுள்ளியாக வந்தால் மொடமொடப்பான புது ரூபாய் நோட்டை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைப்பது அப்போது ஊரறிந்த வைத்தியம். அண்ணன் அந்த நோட்டை மேசை டிராயரில் தனியாக வைத்திருப்பார். டீக்குச் சில்லறை இல்லாவிட்டாலும் அதைத் தொட விடமாட்டார்.

ஒரு நாள் ஒரு டெக் வந்தது. படம் நன்றாக ஓடுகிறது, டிஸ்ப்ளே மட்டும் சரியில்லை. எரிகிற எண்ணுக்குப் பின்னால் மங்கலாக ஓர் எட்டு நிற்கிறது. ஒன்று என்று காட்டினாலும் மற்ற கோடுகளும் லேசாகத் தெரிகின்றன. வாடிக்கையாளர் டிஸ்ப்ளே போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று முடிவுகட்டிக்கொண்டு வந்திருந்தார். அண்ணன் மூடியைக் கழற்றி, டெஸ்டரின் கறுப்புக் குச்சியைச் சேஸிஸில் வைத்து, சிவப்பால் இரண்டு இடம் தொட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"எட்டுக்குப் பின்னால எட்டு தெரியுதுல்ல? ஜீனர் ஷார்ட்டுப்பா. ஹீட்டர் தரையில நிக்கக்கூடாது. கொஞ்சம் தூக்கி நிக்க வைக்கணும். தரையில நின்னா அணைக்க வேண்டியதும் எரியும்."

ஐந்து வோல்ட் ஜீனர் டையோடு ஒன்றை மாற்றினார். பேய் எட்டு மறைந்துவிட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஹீட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். டிஸ்ப்ளேயைப் பலகையோடு வெளியே எடுத்துக் கடையின் டியூப்லைட்டை அணைக்கச் சொன்னார். கண்ணாடிக்குள், எண்களுக்கு முன்னால், தலைமுடியைவிடச் சன்னமாக இரண்டு மூன்று கம்பிகள் குறுக்கே இழுத்துக் கட்டியிருந்தன. உற்றுப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு அடங்கிய சிவப்பு.

"இது ஒண்ணும் புதுசில்ல. வால்வுதான். ஜப்பான்காரன் தட்டையா அடிச்சு வச்சிருக்கான்."

அவர் சொன்னதில் மிகை எதுவும் இல்லை. அந்த டிஸ்ப்ளே ஒரு டிரையோடு வால்வு. டங்ஸ்டன் இழையின் மேல் பேரியம் முதலிய உலோகங்களின் ஆக்ஸைடு பூசியிருக்கும். ஏறத்தாழ 650 டிகிரியில் அது எலக்ட்ரான்களை விடும். இழைக்குக் கீழே தேன்கூட்டுக் கண்களோடு மெல்லிய உலோக வலை, அதுதான் கிரிட். கிரிட்டுக்குக் கீழே எண்ணின் கோடுகள். ஒவ்வொன்றும் தனித்தனி ஆனோடு, அதாவது அண்ணன் மொழியில் 'பிளேட்'. பிளேட்டின் மேல் துத்தநாக ஆக்ஸைடு பாஸ்பர். கிரிட்டும் பிளேட்டும் பாஸிடிவாக இருந்தால் எலக்ட்ரான் வந்து மோதி, அந்தக் கோடு மயில்பச்சையில் எரியும். கிரிட்டை இழையைவிடச் சில வோல்ட் நெகடிவாக்கினால் எலக்ட்ரான் வாசலோடு திரும்பிவிடும். இழையும் கிரிட்டும் ஒரே மட்டத்தில் நின்றால் முழுதாகத் திரும்பாது, கொஞ்சம் கசியும். அந்தக் கசிவுதான் பேய் எட்டு. ஜீனர் வேலை செய்வது இழையைத் தரையிலிருந்து ஐந்து வோல்ட் உயர்த்தி வைப்பதற்காக.

டிவி ரிப்பேர் செய்தவர்களுக்கு இதில் ஒரு வியப்பு உண்டு. கலர் பிக்சர் டியூபில் பாஸ்பரை எரிய வைக்க 25,000 வோல்ட் வரை வேண்டும். அந்த வோல்ட்டை டியூபுக்குக் கொண்டுவரும் ஈ.ஹெச்.டி. தொப்பியைக் கழற்றுவதற்கு முன் ஸ்க்ரூடிரைவரால் டிஸ்சார்ஜ் செய்யாதவன் ஒரு முறை சுவரோடு போய் ஒட்டிக்கொள்வான். இங்கே அதே பாஸ்பர் வேலையை 25 வோல்ட்டில் முடித்துவிடுகிறார்கள். துத்தநாக ஆக்ஸைடு ஓரளவு மின்சாரம் கடத்தும் என்பதால் மெதுவாக வரும் எலக்ட்ரானுக்கும் அது ஒளிர்கிறது. மற்ற பாஸ்பர்களில் வந்த எலக்ட்ரான் போக வழியின்றி மேலே தேங்கி, பின்னால் வருவதைத் தள்ளிவிடும்.

பச்சை என்றதும் எனக்கு இன்னும் பின்னால் போகத் தோன்றுகிறது. எங்கள் தாத்தா வீட்டு வால்வு ரேடியோவில் மேஜிக் ஐ என்று ஒன்று இருந்தது. டயலுக்கு மேலே பச்சையாக ஒளிரும் வட்டம். அதில் ஆப்பு வடிவத்தில் ஒரு நிழல். ஸ்டேஷன் சரியாக விழ விழ நிழல் சுருங்கும். கொழும்பு கச்சிதமாகப் பிடித்ததா என்பதைக் காதுக்கு முன் அந்தக் கண் சொல்லிவிடும். அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. 1935-இல் கொண்டுவந்த வால்வு வகை அது. பிறகு பிலிப்ஸும் மற்றவர்களும் விதவிதமாகச் செய்தார்கள். தாத்தா ரேடியோவில் அது வருஷாவருஷம் மங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் ராத்திரி விளக்கணைத்தால்தான் தெரியும். பாஸ்பர் தேய்ந்துவிட்டது என்று எங்களுக்குத் தெரியாது. ரேடியோவுக்கு வயதாகிவிட்டது, கண் தெரியவில்லை என்று பாட்டி சொல்வாள்.

டெக்கின் பச்சையும் அப்படித்தான் தேயும். அதிகம் எரிந்த கோடு முதலில் மங்கும். எந்நேரமும் எரிகிற மணியின் இரண்டு புள்ளிகள் சோகையாகிவிட, அபூர்வமாக எரிகிற 'ரெக்' எழுத்து மட்டும் கல்யாணப் பெண் மாதிரி ஜொலிக்கும். ஒரு டெக்கின் டிஸ்ப்ளேயைப் பார்த்தே அது என்ன வேலை பார்த்து வந்திருக்கிறது என்று அண்ணன் சொல்லிவிடுவார்.

எண் காட்டும் குழாய்களின் வமிசத்தில் இது இளையது. மூத்தது நிக்ஸி. அமெரிக்காவின் பரோஸ் நிறுவனம் 1955-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. நான் அதை முதலில் பார்த்தது பாலிடெக்னிக் லேபில், ஒரு ஃப்ரீக்வென்சி கவுண்டரில். அதில் சூடாகும் இழை கிடையாது. குழாய்க்குள் வெற்றிடமும் கிடையாது; குறைந்த அழுத்தத்தில் நியான் வாயு. பூஜ்யம் முதல் ஒன்பது வரை பத்து எண்களையும் மெல்லிய உலோகத்தில் வெட்டி ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். எந்த எண்ணுக்கு நெகடிவ் போகிறதோ அதன் உருவத்தைச் சுற்றி நியான் ஆரஞ்சாகப் போர்த்திக்கொள்ளும். அடுக்கில் முன்னால் நிற்கும் எண் கண்ணுக்கு அருகே வரும், பின்னால் இருப்பது உள்ளே தள்ளித் தெரியும். கவுண்டர் ஓடும்போது எண்கள் முன்னும் பின்னும் தாவுவதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் நான் எழுத வேண்டிய ரீடிங் போய்விடும். லேப் அட்டெண்டர் வந்து, "தம்பி, இது எக்ஸிபிஷன் இல்ல" என்பார்.

நிக்ஸி பற்றிக்கொள்ள 170 வோல்ட் போல வேண்டும். வால்வு காலத்தில் அது பெரிய விஷயமாக இல்லை. 1961-இல் இங்கிலாந்தில் வந்த அனிட்டா கால்குலேட்டர் வாயு நிரப்பிய குழாய்களை வைத்தே கணக்குப் போட்டு, அதே மாதிரிக் குழாய்களில் விடையையும் காட்டியது. ஐசி வந்ததும்தான் சிக்கல். சில்லுக்கு 170 வோல்ட் எமன். ஜப்பானில் இசே எலெக்ட்ரானிக்ஸைச் சேர்ந்த தடாஷி நாகமுரா 1960களின் பிற்பகுதியில் உருவாக்கிய இந்தப் பச்சைக் குழாய் அந்த இடத்தில் சரியாகப் பொருந்தியது. அன்றைய பி-மாஸ் சில்லுகள் இருபத்துச் சொச்சம் வோல்ட்டில் ஓடின; குழாய்க்கு வேண்டியதும் ஏறக்குறைய அதே வோல்ட். நடுவில் டிரான்ஸிஸ்டர் வரிசை இல்லாமல் சில்லின் காலையே குழாயின் காலோடு சேர்த்துவிடலாம். இப்படி இரண்டு பக்கமும் தானாக இணைந்து வருவது எலெக்ட்ரானிக்ஸில் எப்போதாவது நடக்கிற அதிர்ஷ்டம்.

1969-இல் வந்த ஷார்ப் க்யூடி-8டி கால்குலேட்டர் இந்தக் குழாய்களை வரிசையாக நிறுத்தியது. அதில் பூஜ்யம் மட்டும் மற்ற எண்களில் பாதி உயரம், தரையில் குந்தியிருக்கும். யார் யோசனையோ தெரியாது, எனக்கு அது மிகவும் பிடிக்கும். மதிப்பில்லாத எண்ணுக்கு மரியாதையும் பாதி போதும் என்று முடிவெடுத்த ஒரு பொறியாளரை நினைத்துக்கொள்வேன். 1972-இல் கேசியோ மினி ஆறு இலக்கத்தோடு 12,800 யென்னுக்கு வந்தபோது கால்குலேட்டர் ஆபீஸ் மேசையிலிருந்து கைக்கு இறங்கியது. அப்போது கால்குலேட்டர்தான் கம்ப்யூட்டர் வியாபாரம். கோவை பி.எஸ்.ஜி.யில் படித்த ஷிவ் நாடாரும் கூட்டாளிகளும் எச்.சி.எல். தொடங்குவதற்கு முன் கால்குலேட்டர் விற்றுத்தான் காசு பார்த்தார்கள்.

எல்.சி.டி. வந்து கால்குலேட்டரைப் பறித்துக்கொண்டது. இழையை எந்நேரமும் சூடாக வைத்திருக்க வேண்டிய குழாய், பேட்டரியில் எல்.சி.டி.யோடு போட்டிபோட முடியாது. ஆனால் சுவரில் பிளக் மாட்டுகிற பொருள்களில் — டெக், மியூசிக் சிஸ்டம், மைக்ரோவேவ் அடுப்பு, கடைக் கல்லா — அது இன்னும் பல வருஷம் குடியிருந்தது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு இந்தக் குழாய்களைத் தனியாக எரிய வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. டெக் இல்லாமல், யாருடைய சர்க்யூட்டும் இல்லாமல், வெறும் குழாயை. சோவியத் காலத்தில் செய்து பெட்டியோடு குடோனில் தங்கிப்போன குழாய்களை உக்ரைனில் சிலர் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஐவி-11 என்ற வகையில் சில வாங்கினேன். கட்டைவிரலைவிடச் சற்றுப் பருத்த கண்ணாடிக் குழாய், உள்ளே ஓர் எண், கீழே வேர் மாதிரி நீளக் கம்பிகள். கண்ணாடியில் சிரிலிக் எழுத்து. நியூ செஞ்சுரி புக் ஹவுஸில் மலிவு விலையில் மீர் பதிப்பகப் புத்தகம் வாங்கிப் பௌதிகம் படித்த தலைமுறை நாங்கள். அந்த நாட்டின் புத்தகம் வந்து நாற்பது வருஷம் கழித்து அந்த நாட்டின் பொருள் கைக்கு வந்திருக்கிறது. இடையில் நாடே இல்லாமல் போய்விட்டது. நான் வாங்கிய ஊருக்கும் குழாய் செய்த நாட்டின் மிச்சத்துக்கும் இப்போது போர் வேறு.

கையில் வாங்கியதும் முதலில் பார்த்தது கெட்டர் புள்ளியை. வால்வு பார்த்தவர்கள் யாரும் அதைத்தான் பார்ப்பார்கள். உள்ளே மிச்சமிருக்கும் காற்றை விழுங்குவதற்காகப் பேரியத்தை ஆவியாக்கிக் கண்ணாடியில் படிய விட்டிருப்பார்கள். வெள்ளிக் கண்ணாடி போலப் பளபளக்கும். காற்று புகுந்திருந்தால் அது பால் வெள்ளையாகிவிடும். அண்ணன் கடையில் வால்வு வாங்க வருபவர்களுக்கு அவர் கற்றுக்கொடுத்த முதல் பாடம் இது: 'வெள்ளையா இருந்தா காசு குடுக்காத.' என்னுடையவை எல்லாம் பளபளத்தன.

இந்தக் குழாயை எரிய வைப்பதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஐவி-11-இன் இழைக்கு 1.5 வோல்ட், 100 மில்லி ஆம்பியர் அளவு. ஒரு பென்சில் செல் போதும். கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் 25 வோல்ட். 9 வோல்ட் பேட்டரி மூன்றைத் தொடராகக் கோத்தால் 27. அதன் நெகடிவை இழையின் ஒரு முனையோடு சேர்க்க வேண்டும். கிரிட்டுக்குப் பாஸிடிவ். மீதிப் பாஸிடிவ் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு பிளேட் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட வேண்டியதுதான்.

வலது மேல் கோடு எரிந்தது. சத்தமில்லை, சூடில்லை, துடிப்பில்லை. கோட்டின் விளிம்பு கத்தியால் வெட்டியது போல நேராக இருந்தது. அருகில் போய்ப் பார்த்தால் எரியும் கோட்டின் மேல் கிரிட் வலையின் அறுகோண நிழல் மெல்லிசாக விழுந்திருக்கிறது. இழையின் நிழல் அதற்கும் மேலே ஒரு கீறலாக. வலது கீழ்க் கோட்டையும் சேர்த்துத் தொட்டேன். ஒன்று என்ற எண் நின்றது. கிரிட் கம்பியை எடுத்துவிட்டால் எண் உடனே அணைவதில்லை. அந்தரத்தில் விட்ட கிரிட் தன் மனம்போன மட்டத்துக்குப் போய், எண்ணின் பாதி இருட்டாகவும் பாதி வெளிச்சமாகவும் நிற்கும். கிரிட்டுக்கு எப்போதும் ஏதாவது ஓர் இடம் சொல்லிவைக்க வேண்டும்.

ஒரு குழாயோடு விட்டிருந்தால் நிம்மதி. நான்கு குழாய்களை வைத்து மணி காட்ட ஆசைப்பட்டேன். நான்கு குழாயின் ஒரே கோடுகளைச் சேர்த்துக் கட்டிவிட்டு, கிரிட்டை மட்டும் முறைவைத்து ஒவ்வொன்றாகத் திறப்பது வழக்கம். கண்ணுக்கு நான்கும் சேர்ந்து எரிவது போல இருக்கும். ஒவ்வொரு குழாயும் கால்பங்கு நேரமே எரிவதால் வெளிச்சம் குறையும். அதற்கு ஈடாக வோல்ட்டை உயர்த்த வேண்டும். மைக்ரோகன்ட்ரோலரின் கால் தருவதோ ஐந்து வோல்ட். நடுவில் ஒரு டிரைவர் வேண்டும், அதுவும் மேலே இருந்து பாஸிடிவைத் தருகிற டிரைவர்.

இதைத் தேடிச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். அங்கே யுஎல்என் 2003 கேட்டால் கடலை மாதிரி அள்ளித் தருவார்கள். அது கீழே இழுக்கிற ஐசி. ரிலேக்கும் மோட்டாருக்கும் ஆகும், எனக்கு ஆகாது. யுடிஎன் 2981 என்றேன். இரண்டு கடையில் இல்லை. மூன்றாவது கடையில் நரைத்த ஒருவர் எதற்கு என்று கேட்டார். சொன்னேன். "ஃப்ளோரசன்ட் டிஸ்ப்ளேவா? அதெல்லாம் இப்ப யார் சார் பார்க்கிறா?" என்று சொல்லிக்கொண்டே ஏணி போட்டு ஏறி, தூசி படிந்த டப்பாவிலிருந்து எடுத்துத் தந்தார். அவருக்கு அந்தக் குழாய் என்னவென்று தெரிந்திருந்தது என்பதில் எனக்கு ஐசி கிடைத்ததைவிடச் சந்தோஷம்.

எல்லாம் கட்டி ஓடவிட்டதும் வந்து நின்றது பழைய சிநேகிதன்: எண்ணுக்குப் பின்னால் மங்கலாக அடுத்த எண். டிரைவர் அணைத்தாலும் கிரிட் பூஜ்யத்துக்குத்தான் வருகிறது. இழையும் அங்கேயே நிற்கிறது. 'ஹீட்டர் தரையில நிக்கக்கூடாது.' இழையின் பக்கம் ஒரு 5.1 வோல்ட் ஜீனரைச் செருகினேன். பேய் போய்விட்டது. அண்ணன் சொன்ன வாக்கியத்தை முப்பத்துச் சொச்சம் வருஷம் மனப்பாடமாக வைத்திருந்தேன். அன்றைக்குத்தான் அது கைக்குள் வந்தது. பாடப்புத்தகத்தில் கட்-ஆஃப் பயஸ் என்று வரும். அதைப் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன்.

இப்போது இளைஞர்களுக்கு நிக்ஸி மேல்தான் மோகம். கடிகாரமாகச் செய்து மேசையில் வைக்கிறார்கள். செக் நாட்டில் டாலிபோர் ஃபார்னி என்பவர் மறந்துபோன அந்தக் கலையைத் தேடிக் கற்றுப் புதிதாகவே குழாய் ஊதுகிறார். அழகுதான், மறுக்கவில்லை. அதன் நோய் கூட அழகு: எரியாமல் சும்மா இருக்கும் எண்ணின் மேல் பக்கத்து எண்ணிலிருந்து சிதறும் உலோகத்துகள் படிந்து, ஒருநாள் கூப்பிடும்போது அரைகுறையாகத்தான் எழும். அதனால் நிக்ஸி கடிகாரங்களை ராத்திரியில் எல்லா எண்களையும் ஓடவிட்டுப் பழக்குகிறார்கள். ஆனால் என்னைக் கேட்டால் நிக்ஸி பணக்கார வீட்டுப் பிள்ளை. ஆராய்ச்சிக்கூடத்திலும் விலை உயர்ந்த கருவியிலும் இருந்தது. பச்சைக் குழாய்தான் நம் கூடத்துக்கு வந்தது, கல்யாண வீட்டுப் பந்தலில் விடிய விடிய விழித்திருந்தது, மாலைக்கடைக்காரரின் டேப் டெக்கில் தாவிக் குதித்தது. தவிர, 170 வோல்ட்டைத் தொட்டால் கை உதறும். 27 வோல்ட்டில் பேத்தியை அருகில் உட்காரவைத்துக் கம்பியைத் தொடச் சொல்லலாம். சொன்னேன். அவள் ஏழு போட்டாள்.

2015-இல் ஜப்பானின் கோர்க் நிறுவனமும் நோரிடாகே இட்ரானும் சேர்ந்து நியூட்யூப் என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பார்த்தால் டெக் டிஸ்ப்ளே மாதிரி தட்டையான கண்ணாடி. உள்ளே எண் இல்லை. கிடார் ஆம்ப்ளிஃபையரில் பாட்டைப் பெருக்குகிற டிரையோடு. டிஸ்ப்ளேயை வால்வாகவே பயன்படுத்திவிட்டார்கள். ரேடியோ அண்ணன் இருந்திருந்தால், "நான் அப்பவே சொன்னேன்ல?" என்றிருப்பார்.

அவர் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். கேபிள் வந்தது, வி.சி.டி. வந்தது, டெக் வாடகை செத்தது. அண்ணனிடம் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு வாங்கவே வராத டெக்குகள் பரண்வரை அடுக்கியிருந்தன; அவர் போன பிறகு வீட்டார் எடைக்குப் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அது யாருக்கும் எதற்கும் ஆகாத சாமான். உலகத்தில் கடைசியாக டெக் செய்துகொண்டிருந்த ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய டெக்கோ மியூசிக் சிஸ்டமோ கிடந்தால், பழைய இரும்புக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் முன்பக்கத்தைக் கழற்றி அந்தக் கண்ணாடித் துண்டைப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கி ஒரு நாள் ஆன பிறகு கைவையுங்கள். ஓரத்தில் கெட்டர் புள்ளி வெள்ளியாகப் பளபளத்தால் குழாய் உயிரோடு இருக்கிறது. அதைக் கால்களோடு, முடிந்தால் சின்னப் பலகையோடு எடுத்து வையுங்கள். இரண்டு ஓரத்துக் கால்கள் பெரும்பாலும் இழை. பென்சில் செல் ஒன்றில் தொடங்கி, இருட்டில் சிவப்பு கண்ணுக்குத் தெரிகிறதோ என்று சந்தேகம் வரும் வரை மட்டும் ஏற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். மிச்சத்துக்கு 9 வோல்ட் பேட்டரி மூன்று போதும். இரும்புக்காரர் அந்தக் கண்ணாடிக்குத் தனியாகக் காசு எதுவும் தரப்போவதில்லை.